தரையில் சாய்ப்பதைத் தடை செய்யலாமா?

கேள்வி: 2024 ஜூன் 9, சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்

எங்கள் அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எட்டுப் பேர் சேர்ந்து பிஎஸ்4-இல் யுஎஃப்சி 4 என்ற சண்டை வீடியோ கேம் ஆடுகிறோம். கடைசி இடத்துக்கு வருகிறவன் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும். நாலு வாரமாக ஒரே ஆள்தான் ஜெயிக்கிறான். கபீப் என்கிற தரைச்சண்டை வீரரை எடுப்பான், ஆரம்பித்ததும் காலைப் பிடித்துச் சாய்ப்பான், மேலே படுத்துக்கொள்வான், சுற்று முடிந்துவிடும். இது சண்டையே இல்லை, ஏமாற்று வேலை. வருகிற வாரத்திலிருந்து டேக்டவுன், அதாவது இப்படித் தரையில் சாய்ப்பது, கூடாது என்று விதி போடப் போகிறோம். நின்று குத்தத் தெரிந்தவன்தானே வீரன்?

2024 ஜூன் 9, இரவு

விதி போடாதீர்கள் தம்பி. கபடியில் காலைப் பிடிக்கக் கூடாது என்று விதி போட்டால் என்ன ஆகும்? ரைடு போகிறவன் கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி சாவகாசமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவான். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைதான் எம்எம்ஏ, டேக்டவுன் இல்லாவிட்டால் அதுவும் அப்படித்தான்.

உதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஓங்கி உதைக்கிறவன் அந்த நொடியில் ஒற்றைக் காலில் நிற்கிறான். எதிராளி காலை அள்ளினால் மல்லாந்து விழுவான். அந்தப் பயம் இருப்பதால்தான் நேரம் பார்த்து உதைக்கிறான். பயத்தை எடுத்துவிட்டால் எட்டுப் பேரும் வட்டம் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பீர்கள். பொத்தான் தேயும், ஆட்டம் வளராது.

இந்த ஆட்டம் பிறந்த கதையும் அதுதான். 1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யுஎஃப்சி எம்எம்ஏ போட்டி. ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை ஜெயித்தார். மூன்று பேருமே அவரைவிட எடை கூடியவர்கள். ஒருவரிடமும் நின்று குத்துச்சண்டை போடவில்லை. நெருங்கினார், சாய்த்தார், தரையில் வைத்து முடித்தார். நின்று குத்துகிறவன்தான் வீரன் என்ற நினைப்பு அன்றைக்கே உடைந்துவிட்டது.

2024 ஜூன் 10, காலை, பட்டறைக்குக் கிளம்பும் முன்

நேற்று நியாயம் பேசிவிட்டு வழி சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கன்ட்ரோலரின் மேல் ஓரத்தில் இருக்கும் எல்2, ஆர்2 பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். டேக்டவுனைத் தடுப்பது அதுதான். ஆனால் அவன் பாய்ந்த பிறகு அழுத்தினால் பாதி நேரம் தாமதமாகிவிடும். அவன் உடம்பு தாழ்வதைப் பார்த்ததும் அழுத்த வேண்டும். பெரும்பாலும் நீங்கள் குத்துகளை அடுக்கிக்கொண்டே போகும்போதுதான் அவன் நுழைவான். நான்கு குத்துக்குப் பதில் இரண்டோடு நிறுத்திப் பின்வாங்கிப் பாருங்கள், அவனுக்கு வழியே கிடைக்காது.

விழுந்துவிட்டால் பதற வேண்டாம். இரவு எழுதுகிறேன்.

2024 ஜூன் 10, இரவு

கீழே இருக்கும்போது எல்லோரும் செய்கிற தப்பு, கட்டைவிரல் ஸ்டிக்கைக் கண்டபடி ஆட்டுவது. நான்காம் பாகத்தில் தரைச் சண்டைக்கு ஓர் உதவி முறை வைத்திருக்கிறார்கள். இடது ஸ்டிக்கை மேலே தள்ளினால் எழ முயல்வார், இடப்பக்கம் தள்ளினால் சப்மிஷன் (பிடி போட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்ள வைப்பது), வலப்பக்கம் என்றால் குத்து. புதிதாக வருகிறவர்களுக்கு நல்லது. ஆனால் நீங்கள் எந்த வழியாக எழப் போகிறீர்கள் என்பதை ஆட்டமே தீர்மானிக்கிறது. நாலு வாரம் ஆடியவனுக்கு அது மனப்பாடம் ஆகிவிடும், ஒவ்வொரு முறையும் மறித்துவிடுவான். அந்த உதவியை அணைத்துவிட்டு வலது ஸ்டிக்கில் நீங்களே நிலையைத் தேர்ந்தெடுங்கள்.

அதைவிட முக்கியம் மறிப்பது. ஆர்2-ஐப் பிடித்துக்கொண்டு, அவன் நகர்கிற பக்கம் வலது ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். இரண்டு முறை மறித்தால் அவன் மூச்சு (ஆட்டத்தில் ஸ்டாமினா) இறங்கும். அப்போது எழுங்கள். மறிக்காமல் எழப் பார்த்தால் உங்கள் மூச்சுதான் போகும்.

காசு கையில் இருந்தால் ஐந்தாம் பாகத்துக்கு மாறலாம். 2023 அக்டோபரில் வந்தது. சப்மிஷனில் திரையில் ஓடுகிற பட்டையைத் துரத்துகிற வேலை இல்லை, நிலைக்கு நிலை நகர்ந்து பிடியை இறுக்க வேண்டும். கண்ணுக்கு மேலே வெட்டு ஆழமானால் மருத்துவர் வந்து சண்டையையே நிறுத்திவிடுவார்.

2024 ஜூன் 11

திருத்தம். ஐந்தாம் பாகம் பிஎஸ்4-க்கு வரவில்லை. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் மட்டும்தான். உங்களிடம் பிஎஸ்4 என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தீர்கள், நான் கவனிக்காமல் சொல்லிவிட்டேன். நான்காம் பாகத்திலேயே இருங்கள், கற்றுக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது.

2024 ஜூன் 12, இரவு, கொஞ்சம் நீளமாக

கபீபை எடுத்து ஆடுவது சண்டையே இல்லை, மேலே படுத்துக்கொள்வது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளாக அது மனதில் உறுத்துகிறது.

கபீப் நுர்மகமதோவ் 29 சண்டை, 29 வெற்றி. 2020 அக்டோபரில் தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்றார். 2018 அக்டோபர் 6-ஆம் தேதி அயர்லாந்து வீரர் கோனர் மெக்ரிகரோடு நடந்த சண்டையைப் பாருங்கள். மேலே வந்ததும் எதிராளியின் கால்களைத் தன் காலால் பின்னுகிறார், மணிக்கட்டைப் பிடிக்கிறார், மிச்சமிருக்கும் கையால் அடிக்கிறார். இரண்டாம் சுற்றில் நின்றபடியே வலது கையால் மெக்ரிகரை விழவைத்தார். டேக்டவுனை எதிர்பார்த்திருந்தவருக்குக் குத்து வந்தது. நான்காம் சுற்றில் கழுத்தை இறுக்கி முடித்தார். இதில் படுத்துக்கிடந்த நேரம் எங்கே?

எனக்கு இதெல்லாம் புரிந்தது 2012-இல். பிப்ரவரியில் யுஎஃப்சி அன்டிஸ்பியூட்டட் 3 வந்தது, பிஎஸ்3-இல். டிஎச்க்யூ வெளியிட்டது, யூக்ஸ் உருவாக்கியது. அந்த வருடம் சேலத்தில் கரண்ட் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறைக்கு மேல் மாடியில் நண்பன் ஒருவன் வாடகைக்கு இருந்தான், அவனுடைய பிஎஸ்3. பட்டறையில் பாலிஷ் மோட்டார் நின்ற சத்தம் கேட்டால் மேலே டிவியும் அணைந்திருக்கும். கரண்ட் வந்ததும் பெட்டி முதலில் தன் ஹார்ட் டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், நாங்கள் அந்தப் பட்டை நிறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அவன் என்னைத் தொடர்ந்து ஒன்றரை மாதம் ஜெயித்தான். எல்லாம் தரையில்தான். அந்த ஆட்டத்தில் தரைக்கு இரண்டு வகைக் கட்டுப்பாடு உண்டு, அமெச்சூர், புரோ என்று. அமெச்சூரில் ஸ்டிக்கை மேலே கீழே தட்டினால் போதும், புரோவில் வளைத்துச் சுழற்ற வேண்டும். சப்மிஷன் பிடித்தால் திரையில் எண்கோணம் ஒன்று வரும், அதன் ஓரமாக ஒரு பட்டை இன்னொரு பட்டையைத் துரத்தும். நான் எப்போதும் பிடிபடுவேன்.

ஒரு நாள் பாதிச் சுற்றில் கரண்ட் போயிற்று. இருட்டில் அவன் கேட்டான்: "நான் எந்தப் பக்கம் நகர்வேன்னு நீ பாக்கறதே இல்லையே, ஏன்?" நான் அதுவரை பார்த்ததெல்லாம் என் ஆளின் முகத்தைத்தான். எதிராளியின் இடுப்பைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இடுப்பு எந்தப் பக்கம் கனக்கிறதோ அந்தப் பக்கம்தான் அடுத்த நகர்வு. அதற்குப் பிறகு நான் உடனே ஜெயிக்கவில்லை. ஆனால் தோற்க நேரம் எடுத்தது.

2024 ஜூன் 13

நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படிக்க. டிஎச்க்யூவுக்கு அதுதான் கடைசி யுஎஃப்சி ஆட்டம். 2012 ஜூனிலேயே உரிமம், நீங்கள் ஆடுகிற பாகங்களை வெளியிடுகிற இஏ நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது, டிசம்பரில் டிஎச்க்யூ திவால் மனு கொடுத்தது. 2014 ஜூனில் இஏவின் முதல் பாகம் வந்தபோது அதில் ப்ரூஸ் லீயையும் வைத்திருந்தார்கள். என் மாமா ஒருவர் அந்தக் காலத்தில் சேலம் தியேட்டர்களில் ப்ரூஸ் லீ படங்களுக்கு வரிசையில் நின்றவர். அவருக்குக் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். ப்ரூஸ் லீயை ஒரு டேக்டவுன் கூட விழவைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டார். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் உங்கள் விதிப்படி ஆடினேன், மாமாவுக்காக.

2024 ஜூன் 16, ஞாயிறு இரவு

தம்பி எழுதியிருக்கிறார்: "ஆர்2 பிடித்து ஸ்டிக்கைத் தள்ளினேன், ஆள் தானாக வேறு பக்கம் போகிறான்." எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு மாதமாம். நின்று சண்டை போடும்போதும் ஆள் மெதுவாக வலப்பக்கம் நழுவுகிறானாம்.

அது உங்கள் கன்ட்ரோலர். ஸ்டிக் டிரிஃப்ட். ஸ்டிக்கின் அடியில் இருக்கும் சின்ன உணரி தேய்ந்தால் தொடாமலேயே தொட்ட மாதிரி சேதி போகும். நிற்கும்போது அது பெரிதாகத் தெரியாது. தரையில் திசைதான் எல்லாமே, அங்கே ஆளைக் கொன்றுவிடும்.

எனக்கும் இது வந்தது. பழுது பார்க்கிற கடை ஒன்றில் கொடுத்தேன், ஸ்டிக்கை மாற்றிவிட்டதாகச் சொல்லி 600 ரூபாய் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மேலே இருக்கும் ரப்பர் தொப்பிதான் புதிது, அடியில் அதே பழைய உணரி. கோபத்தில் மூன்று நாள் தூக்கம் வரவில்லை. அப்புறம் நானே திறந்தேன். பட்டறையில் கொலுசு முத்துக்கு ஒட்டு வைக்கிற கைதானே என்று நினைத்தேன், ஆனால் இது வேறு வேலை. உணரி இருக்கும் ஸ்டிக் பாகத்தின் பதினான்கு கால்களையும் சூடாக்கி ஈயத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும், ஒன்று விடுபட்டாலும் பலகையின் தடம் பெயர்ந்துவிடும். மின்னணுப் பொருள் பார்க்கிற தெரிந்தவரிடம் எதிரில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டேன். நீங்களும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், எதிரில் உட்காருங்கள்.

2024 ஜூன் 18

பதினான்கு கால் என்று எழுதினேன், அதில் நாலு சட்டத்தைப் பிடித்திருப்பவை. சேதி போகிற கால்கள் மிச்சம்தான். வேலை என்னவோ பதினான்குக்கும்தான்.

2024 ஜூன் 23

மூச்சைப் பற்றி இன்னும் எழுதவில்லை. அந்த அறையில் ஜெயிக்கிறவன் ஏன் ஜெயிக்கிறான் என்பதற்குப் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் காற்றில் போகிற குத்துக்குத்தான் அதிக மூச்சு செலவாகும். பட்ட குத்து அவ்வளவு இல்லை. எட்டுப் பேரில் ஏழு பேர் ஆரம்பித்ததும் ஓங்கி ஓங்கி வீசுவீர்கள், பாதி காற்றில் போகும். முதல் நிமிடத்திலேயே திரையில் மூச்சுப் பட்டை பாதிக்கு வந்துவிடும். மூச்சு இல்லாதவனைச் சாய்ப்பது பெரிய வித்தையா? அவன் உங்களைச் சாய்ப்பதற்கு முன்பே நீங்கள் சாய்ந்துவிடுகிறீர்கள்.

வயிற்றில் அடியுங்கள். அது முதல் சுற்றில் எதுவும் செய்யாத மாதிரி தெரியும். மூன்றாம் சுற்றில் அவன் டேக்டவுனுக்குத் தாழும்போது கால் இழுக்கும். வட்டிக்குக் கொடுத்த மாதிரி, பிறகுதான் வரும்.

2024 ஜூலை 14, ஏற்காடு

மூன்று வாரமாக எழுதவில்லை, ஆர்டர் நெருக்கடி. நேற்று அக்கா வீட்டுக்கு வந்தேன். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸில் பிஎஸ்4-ஐ மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மாமா எஸ்டேட்டில் வேலை, வீடு தோட்டத்துக்குள். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் மூடுபனி. மழை நிற்கவே இல்லை. நெட் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லாததால் ஆன்லைன் பேச்சே இல்லை, ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினோம்.

அக்கா மகனுக்குப் பதினேழு வயது. முதல் ஆட்டத்திலேயே அவனைச் சாய்த்தேன். இரண்டாவதிலும். மூன்றாவதிலும். சைடு கன்ட்ரோலில் (பக்கவாட்டில் மேலே கிடந்து அழுத்துகிற நிலை) வைத்து முழங்கையால் அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "மாமா, நான் என்ன பண்ணணும்னே தெரியல. நீங்க ஆடறதப் பாத்துட்டு இருக்கற மாதிரி இருக்கு" என்றான். சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

2012-இல் செவ்வாய்ப்பேட்டை மாடியில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் அவன் இப்போது உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு நண்பன் என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியை நான் அவனிடம் கேட்கவே இல்லை.

2024 ஜூலை 14, அதே இரவு

என் முதல் குறிப்பை அப்படியே விட மனம் வரவில்லை. டேக்டவுன் ஏமாற்று வேலை இல்லை என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் தடை கேட்டவரின் தவிப்பு பொய்யில்லை. நின்று குத்து வாங்கினால் எங்கே பட்டது, ஏன் பட்டது என்று பார்க்கிறவனுக்கே தெரியும். தரையில் நடப்பதெல்லாம் இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் நடக்கிறது. கீழே இருக்கிறவனுக்கு அது தெரியாவிட்டால் அவனுக்கு அது சண்டையே இல்லை, காத்திருப்பு. சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்கும் அப்படித்தான்.

இன்னொன்றையும் நான் சொல்லாமல் விட்டது தப்பு. ஸ்டாண்ட் அண்ட் பேங் என்று ஒரு வகை இஏவின் மூன்றாம் பாகத்திலிருந்தே ஆட்டத்துக்குள் இருக்கிறது. டேக்டவுன், தரை எதுவும் கிடையாது, நின்று மட்டும் சண்டை. நீங்கள் கேட்ட விதியை ஆட்டத்தை உருவாக்கியவர்களே தனியாக வைத்திருக்கிறார்கள். அதில் ஆடுவது குறைச்சல் இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் கலக்க வேண்டாம், அவ்வளவுதான்.

2024 ஜூலை 15, காலை

அக்கா மகள் பத்து வயது. நான் கிளம்புவதற்குள் பூஜா தோமர் என்ற வீராங்கனையை ஆட்டத்துக்குள் உருவாக்கிக் கொடுக்க வேண்டும் என்று அடம். ஜூன் 8-ஆம் தேதி அமெரிக்காவின் லூயிவில்லில் பூஜா ஜெயித்த செய்தியைப் பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று நடுவர்களில் இருவர் பூஜா பக்கம். யுஎஃப்சியில் சண்டை ஜெயித்த முதல் இந்தியப் பெண். உத்தரப் பிரதேசத்துக்காரர், வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலையிலிருந்து வந்தவர்.

வீரரை உருவாக்கும் பகுதிக்குப் போனோம். பெண்கள் ஸ்ட்ராவெயிட் எடைப் பிரிவு, 52 கிலோ. "அவ்ளோதானா? எங்க மிஸ் அதவிட வெயிட்டு" என்றாள். பின்னல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே அரை மணி நேரம். உதைக்கு நிறையப் புள்ளி போடச் சொன்னாள். தரைக்கும் கொஞ்சம் வை என்றேன். "அண்ணன் மாதிரி கீழயே கிடக்கக் கூடாது, எந்திரிக்கறதுக்கு வை" என்றாள்.

அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். இந்த முறை நான் கீழே விழுந்துகொடுத்தேன். அவன் மேலே. என் இடுப்பைப் பார், எந்தப் பக்கம் கனக்கிறது என்று சொல் என்றேன். பட்டனைத் தொடாமல் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். முதலில் பத்துக்கு மூன்றுதான் சரியாக வந்தது. அக்கா இட்லி எடுத்து வைத்து மூன்று முறை கூப்பிட்டாள். அதற்குள் பத்துக்கு ஏழு வந்துவிட்டது. அப்புறம் இடம் மாற்றினோம், அவன் கீழே. முழு கார்டிலிருந்து (கீழே கிடப்பவன் மேலே இருப்பவனைக் கால்களுக்கு நடுவில் பிடித்திருக்கும் நிலை) இரண்டு முறை என்னை மறித்தான், மூன்றாவதில் எழுந்தே விட்டான். எழுந்ததும் குத்த மறந்துவிட்டான். தங்கைதான் கத்தினாள், "அடி, அடி!"

2024 ஜூலை 17

மேலே படுத்திருந்தாலே சுற்று கிடைத்துவிடும் என்று உங்கள் அறையில் நினைப்பதாகத் தெரிகிறது. நிஜச் சண்டை விதியில் அப்படி இல்லை. நடுவர்கள் முதலில் பார்ப்பது அடியும் பிடியும் எவ்வளவு பலன் தந்தன என்பதை. அது சமம் என்றால்தான் யார் முன்னேறினார் என்று பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால்தான் கட்டுப்பாடு. மேலே கிடந்து ஒன்றுமே செய்யாதவனைவிடக் கீழிருந்து ஓயாமல் அடித்தவனுக்குப் புள்ளி போகலாம்.

ஆகவே உங்கள் அறைக்கு ஒரு யோசனை. மாதத்தில் ஒரு ஞாயிறு ஸ்டாண்ட் அண்ட் பேங், மிச்ச ஞாயிறு முழு ஆட்டம். முழு ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம், அந்த ஜெயிக்கிற தம்பியே எல்லோருக்கும் மறிக்கச் சொல்லித் தர வேண்டும். சொல்லித் தர மாட்டேன் என்றால் தட்டுவடை செட் அவன் செலவு.

2024 ஜூலை 28, ஞாயிறு இரவு

அஸ்தம்பட்டித் தம்பியிடமிருந்து இன்று வந்தது, அப்படியே போடுகிறேன்:

"கன்ட்ரோலர் மாத்தியாச்சு, எதிர்லயே உக்காந்திருந்தேன். விதி போடல. கபீப் தம்பி சொல்லிக் கொடுத்தான், முதல்ல மூஞ்சத் தூக்கி வச்சிருந்தான், அப்புறம் அவனுக்கே பிடிச்சுப் போச்சு. இன்னைக்கு செமில அவன்கிட்ட நான் தோத்துட்டேன், ஆனா மூணு ரவுண்டும் முழுசா போச்சு. ரெண்டு தடவ எந்திரிச்சேன். அறையே கத்துச்சு. தட்டுவடை செட்டு அவனே வாங்கிக் கொடுத்தான்."

நல்லது தம்பி. இரண்டு முறை எழுந்தது எந்த நிலையிலிருந்து, அரை கார்டா (எதிராளியின் ஒரு காலை மட்டும் பிடித்திருக்கும் நிலை), சைடு கன்ட்ரோலா? சைடு கன்ட்ரோல் என்றால் எப்படி எழுந்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். ஏற்காட்டில் ஒருவன் அங்கேதான் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு அனுப்ப வேண்டும்.